கைகழுவும் வழக்கத்தைக் கைகழுவலாமா?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

‘கைகழுவுதல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. நீரூற்றிக் கைகளைத் தூய்மை செய்வது ஒன்று. ஒரு பொறுப்பை, இனி எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று விட்டுவிடுவது மற்றொன்று. மருத்துவமனைகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், முதற்பொருளில் தொடங்கிய நல்ல செயல் எத்தனையோ முறை இரண்டாம் பொருளில் போய் முடிந்திருக்கக் காணலாம். இது ஏன் நிகழ்கிறது, நிகழாமல் காத்தவர்கள் எவ்வாறு காத்தனர் என்பதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

நான் மருத்துவம் பயில்பவள் அல்லள். நுண்ணுயிரியல் வகுப்பில் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ் என்பாரின் கதையை எங்கள் பேராசிரியர் கூறியபோது வகுப்பே அமைதியாகக் கேட்டது. அன்று மாலை வீட்டில் அக்காவிடம் அக்கதையைச் சொன்னேன். அக்கா ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியர். முழுவதும் கேட்டுவிட்டு, “கண்டுபிடிச்சதைச் சொன்னே. அவர் போனப்புறம் அந்த வார்டுல என்ன நடந்ததுன்னு சொல்லலையே?” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

முதலில் கதையைக் காண்போம். கடந்த நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், 1840களில், ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக வியன்னாப் பொது மருத்துவமனை விளங்கிற்று. அங்கே மகப்பேற்றுப் பகுதி இரு பிரிவுகளாக இருந்தது. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். பெண்கள் தம் விருப்பப்படி பிரிவைத் தேர்ந்தெடுக்க இயலாது. எந்த நாளில் வந்து சேர்கிறார்களோ, அந்த நாளுக்குரிய பிரிவில்தான் இடம். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 4,010 பிரசவங்கள் நிகழ, 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேர் இறந்தனர். நூற்றுக்கு 11.4 எங்கே, 2.8 எங்கே! ஒரே கட்டடம், ஒரே நகரம், ஒரே வகையான ஏழைப் பெண்கள். இரண்டாம் பிரிவின் அளவிலேயே முதற்பிரிவிலும் மரணம் நிகழ்ந்திருந்தால் அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 350 தாய்மார் உயிருடன் வீடு திரும்பியிருப்பர். நகரத்துப் பெண்களுக்கு இவ்வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது. தம்மை முதற்பிரிவில் சேர்க்க வேண்டாமென்று அவர்கள் மன்றாடினர். வழியிலேயே பிள்ளை பெற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. அவ்வாறு தெருவில் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே வந்தது என்பது செம்மல்வைஸைத் திகைக்க வைத்தது.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரான கோலெச்கா என்னும் பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, காயம் புரையோடி இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாறுதல்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்குப் பளிச்சென்று ஒன்று விளங்கிற்று. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணங்களைத் தொடுவதில்லை. வேறுபாடு கையில் இருக்கிறது! சோப்புப் போட்டுக் கழுவிய பின்னும் விரல்களில் பிணவாடை நீங்காதிருந்ததை அவர் கவனித்திருந்தார். ஆகவே 1847 மே மாத நடுவில், குளோரின் கரைசலில் கைகளை அலம்பிய பின்னரே கர்ப்பிணிகளைத் தொட வேண்டும் என்று விதித்தார். பின்னர் செலவைக் குறைக்கும் பொருட்டுச் சலவைத்தூளைக் கரைத்துப் பயன்படுத்தினர். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த முதற்பிரிவில் ஜூன் மாதத்தில் 2 பேருக்குச் சற்று மிகுதியாகவும், ஜூலையில் 1 பேருக்குச் சற்று மிகுதியாகவும் இறந்தனர். 1848 முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு 45 மரணங்கள். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு மரணம்கூட இல்லை.

நுண்ணுயிர்களால் நோய் உண்டாகிறது என்று பாஸ்டர் நிறுவுவதற்கு முன்பே நிகழ்ந்த செயல் இது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். காரணம் முழுவதும் தெரியாமலே கணக்கு ஒன்றைத் துணையாகக் கொண்டு ஒருவர் எட்டிய வெற்றி! இன்று இத்தகைய முறையைச் ‘சான்றுவழி மருத்துவம்’ என்கின்றனர். கனடா நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1990களின் தொடக்கத்தில் அப்பெயரைப் பரப்பினர். பெயர் புதிது, செயல் பழையது.

இனி, அக்கா கேட்ட கேள்விக்கு வருவோம். 1849 மார்ச்சில் செம்மல்வைஸின் பதவிக் காலம் முடிந்தது, நீட்டித்துத் தரவில்லை. அடுத்த ஆண்டு அவர் வியன்னாவை விட்டே போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த கார்ல் பிரவுன் என்பவர் பிரசவக் காய்ச்சலுக்கு முப்பது காரணங்களை அடுக்கினார். பிணத்தின் நச்சுப் பொருள் அப்பட்டியலில் 28ஆவது இடத்தில் இருந்தது! காற்றோட்டமே முதன்மையானது என்பது அவர் கருத்து. முதற்பிரிவின் கணக்கு உடனே பழைய நிலைக்குப் போய்விடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1850இலும் 1851இலும் நூற்றுக்கு ஏறத்தாழ 2 என்ற அளவிலேயே மரணம் நின்றது. 1852இல் 4 ஆயிற்று. 1854இல் 4,393 பிரசவங்களுக்கு 400 தாய்மார் மாண்டனர். நூற்றுக்கு 9.1. எட்டாண்டுகளுக்கு முன் தொடங்கிய இடத்துக்கே வண்டி ஏறத்தாழத் திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவும் கழுவும் வழக்கம் தளர்ந்ததனால் மட்டுமே நிகழ்ந்தது என்று நான் அறுதியிட்டுக் கூற மாட்டேன். ஆயினும் ஒன்று தெளிவு. ஒரு செயலின் காரணத்தைப் பட்டியலின் 28ஆம் இடத்துக்குத் தள்ளிய தலைவரின் கீழ், அச்செயலை எந்த மாணவன் முழு மனத்தோடு செய்திருப்பான்? தலைவர் அறைக்குள் வரும்போது விரல் நுனியைக் கரைசலில் நனைத்து எடுத்திருப்பான், அவ்வளவே.

பொதுவாக இக்கதையைச் சொல்வோர், அறியாமை மிக்க உலகம் ஓர் அறிஞரைப் பழிவாங்கியது என்று முடிப்பர். 1865இல் தம் 47ஆம் வயதில் மனநோய் விடுதியில் அவர் இறந்தது நெஞ்சை உருக்கும் முடிவுதான். ஆனால் அவரை வழிபடுவதோடு நிறுத்திவிட்டால் நமக்குப் பயன் ஏதுமில்லை. அவர் தம் முடிவுகளை விரிவாக நூலாக வெளியிட்டது 1861இல்தான். பதினான்கு ஆண்டுகள் கழித்து! மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று தூற்றி அவர் எழுதிய கடிதங்கள் எவர் மனத்தையும் மாற்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வியன்னாவில் அவர் நிலைநாட்டிய வழக்கம் அவர் கண்காணிப்பு என்ற ஒற்றைத் தூணின்மேல் நின்றது. தூணைப் பெயர்த்தவுடன் கூரை இறங்கிற்று.

அவர் பின்னர்ப் பணிசெய்த பெஸ்ட் நகரத்தில் ஒரு செய்தி கிடைக்கிறது. புனித ரோக்குஸ் மருத்துவமனையில் 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களுக்கு 8 தாய்மாரே காய்ச்சலில் இறந்தனர். ஆனால் அதே நகரத்தின் பல்கலைக்கழக மகப்பேற்றுப் பிரிவில், எல்லாரும் கைகழுவிய பின்னும் காய்ச்சல் தலைகாட்டிற்று. ஆராய்ந்தபோது, முந்திய தாயின் குருதி படிந்த படுக்கை விரிப்புகளைத் துவைக்காமலே அடுத்தவருக்கு விரித்தது தெரியவந்தது. கை தூய்மையானால் போதுமா, சலவைக்குப் பணம் ஒதுக்க வேண்டாமா? மருத்துவரின் அறிவும் அலுவலகத்தின் கணக்குப் புத்தகமும் ஒன்றோடொன்று பேசாவிட்டால் நோயாளி நடுவில் மாட்டிக்கொள்கிறாள்.

சரி, அது கிருமியை அறியாத காலம். இன்று முதல் வகுப்புப் பிள்ளைக்கும் கிருமி தெரியும், ஆகவே மருத்துவமனைகளில் யாவரும் கைகழுவுவர் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரம் செல்வத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்பெற்றது. அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994இல் திடியே பித்தே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் வார்டுகளில் அமர்ந்து எண்ணிப் பார்த்தனர். கைகழுவியே தீரவேண்டிய 100 தருணங்களில் 48 தருணங்களில்தான் கழுவினர். பாஸ்டர் பிறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின் இந்நிலை!

இங்குதான் எனக்கு இந்தப் பொருளில் உண்மையான ஆர்வம் பிறந்தது. அக்குழுவினர் எவரையும் திட்டவில்லை. சொற்பொழிவோடும் நின்றுவிடவில்லை. ஏன் கழுவவில்லை என்று கேட்டனர். எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு மணிக்கு 20 முறை கைகழுவ வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். தொட்டிக்கு நடந்து, சோப்பிட்டு, அலம்பி, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடம். மணிக்கு 20 நிமிடம். எட்டு மணி நேரப் பணியில் 2 மணி 40 நிமிடம். நோயாளியைப் பார்ப்பது எப்போது? சோம்பல் என்று நாம் பெயர் சூட்டியது பெரும்பகுதி காலப்பற்றாக்குறையே. எனவே தொட்டிக்குச் செவிலியரை அனுப்புவதை விட்டு, சாராயச் சத்துடைய தேய்ப்புத் திரவத்தைப் புட்டியில் அடைத்துக் கட்டிலுக்கே கொண்டுவந்தனர். அதைத் தேய்க்க 20 முதல் 30 வினாடி போதும், துடைக்கத் துணி வேண்டாம், நடக்கவும் வேண்டாம். (கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் மட்டும் சோப்பும் நீருமே வேண்டும்.) கூடவே, ஊழியர்களோடு சேர்ந்து வரைந்த சுவரொட்டிகளை வார்டுகளில் ஒட்டினர். விடாமல் எண்ணினர், எண்ணியதை வார்டுகளுக்கே திருப்பிக் காட்டினர்.

1997 முடிவில் 48 என்பது 66 ஆயிற்று. மருத்துவமனையில் வந்து ஒட்டிக்கொள்ளும் தொற்று நோயாளிகளில் நூற்றுக்கு 16.9 என்பதிலிருந்து 9.9க்குக் குறைந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டியில், அத்திரவத்தை எந்நாட்டு மருத்துவமனையும் தானே தயாரித்துக்கொள்ளும் வாய்பாட்டை வெளியிட்டது. ஆண்டுதோறும் மே 5ஆம் நாள் இதன் பொருட்டு நினைவுகூரப்படுகிறது. இந்த வெற்றியில் ஒரு முள்ளும் உண்டு. ஜெனீவாவில் செவிலியரும் உதவியாளரும் நன்கு முன்னேறினர். மருத்துவர்கள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தனர்! செம்மல்வைஸின் காலத்திலும் முதற்பிரிவு மருத்துவர்களுடையது என்பதை இங்கு நினைத்துக்கொண்டேன்.

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். “ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட ‘சார், கை கழுவிட்டு வாங்க’ன்னு நான் எப்படிடி சொல்றது? அவர் ஒண்ணும் கெட்டவர் இல்ல. ஆனா நான் அதைச் சொல்ற இடத்துல இல்ல” என்றார். மருத்துவம் அறிந்த பெரியோர் பலரும் எழுதிய நூல்களில் காணாத ஒன்றை அக்கா அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார் என்று தோன்றிற்று. கையில் சான்று இருக்கிறது, புட்டியும் இருக்கிறது. சொல்வதற்கு வாய்தான் இல்லை.

அந்த வாயைக் கொடுத்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். கழுத்தில் அல்லது மார்பின் மேற்புறத்தில் உள்ள பெருஞ்சிரையில் மருந்து செலுத்த ஒரு குழாயைச் செருகுவர். ‘சென்ட்ரல் லைன்’ என்பது அதன் வழக்குப் பெயர். அக்குழாய் வழியே கிருமி நுழைந்தால் நேரே குருதியில் கலந்து உயிருக்கு உலை வைக்கும். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்னும் மருத்துவர் 2001இல் ஐந்தே செயல்களை ஒரு தாளில் எழுதினார். கைகழுவுதல், செருகுபவர் தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுவதும் தூய துணியால் மூடுதல், தோலைக் குளோரெக்சிடினால் துடைத்தல், தொடைப்பகுதியைக் கூடியவரை தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுதல். இவற்றுள் ஒன்றும் புதிதன்று. எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவை. ஆனால் செவிலியர்கள் ஒரு மாதம் கவனித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதேனும் ஒரு செயல் விடுபட்டுப் போயிருந்தது. அடுத்து நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு செயல் விடுபட்டால் மருத்துவரை நிறுத்தச் செவிலியருக்கு உரிமை உண்டு. நிர்வாகம் செவிலியர் பக்கமே நிற்கும். மற்றொன்றும் செய்தனர். தேவையான பொருள்களைத் திரட்ட எட்டு இடங்களுக்கு அலைய வேண்டியிருந்ததைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கினர். என்னைக் கேட்டால், தாளைவிட இந்தத் தள்ளுவண்டியையே பெரிதாகச் சொல்வேன்.

இம்முறையை மிச்சிகன் மாநிலம் முழுவதும் கொண்டுசென்றனர். 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தந்த கணக்கு 2006இல் வெளிவந்தது. 1,000 குழாய்–நாள்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த குருதித் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது. குறைந்தது வியப்பன்று, செம்மல்வைஸும் குறைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, முதல் ஆய்வுக் காலம் முடிந்த பின்னரும், 90 பிரிவுகளில் அது 1.1 என்ற அளவில் நின்றது என்று 2010இல் வெளியான கணக்கே வியப்பு. எப்படி நின்றது? ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் எண் அதனிடமே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் நிர்வாகத்தின் மேல்நிலை அலுவலர் ஒருவர் பொறுப்பேற்று நேரில் வந்து, என்ன குறை என்று கேட்டார். பொருள் இல்லையென்றால் வாங்கித் தர அவரால் இயலும். ப்ரோனவோஸ்ட் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்பது அங்கே ஒரு கேள்வியாகவே இல்லை.

தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை உலக நலவாழ்வு நிறுவனம் 2008இல் வெளியிட்டது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பின் மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதைக் கண்டு கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் தன் மருத்துவமனைகளில் அதைக் கட்டாயமாக்கிற்று. 101 மருத்துவமனைகளின் கணக்கை 2014இல் வெளியிட்டபோது மரணம் 0.71இலிருந்து 0.65, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே முடிவு கட்டினர். ஆனால் பட்டியலை நிறைவேற்றியதாக மருத்துவமனைகள் தாமே அனுப்பிய அறிக்கைகளோ ஏறத்தாழ நூற்றுக்கு நூறு! தேர்வுக்கு முந்திய வாரத்தில் ஒரே அமர்வில் செய்முறைக் குறிப்பேட்டை முழுவதும் நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டும் நம் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2020இல் கொரோனாக் காலத்தில் காலால் மிதித்தால் நீர் வரும் தொட்டிகளை ஊரெங்கும் வாயில்தோறும் வைத்தனர். நம்மில் பலரும் அவற்றைப் பார்த்திருப்போம். அவற்றுள் எத்தனை இன்று நீரோடு நிற்கின்றன? தொட்டியை வாங்க ஆணை இருந்தது, திறந்துவைக்க ஆளிருந்தார். நிரப்புவது யார் வேலை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவருக்கு ஒன்று தோன்றியது. அவர்கள் வார்டில் பணிமாற்றத்தின்போது மருந்து அலமாரியின் சாவியை எழுதிக் கையெழுத்திட்டே ஒப்படைப்பார்கள். அதே பதிவேட்டில் சாவிக்கு அடுத்தாற்போல, ‘கட்டில் புட்டிகள் – நிரம்பியவை, காலி’ என்று ஒரு பத்தியைத் தலைமைச் செவிலியரின் இசைவோடு கோடிட்டுச் சேர்த்தார். முதல் சில வாரங்களில் அந்தப் பத்தியைப் பார்த்தபோது, காலியான புட்டிகள் ஏறத்தாழ எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தன. யார் பணியில் இருந்தாலும் அப்படித்தான். காரணம், அன்று ஸ்டோர் பூட்டியிருக்கும். இப்போது சனிக்கிழமை காலையிலேயே இரண்டு நாளுக்கும் சேர்த்து இண்டென்ட் எழுதி அனுப்புகிறார்களாம்.